இஸ்ட்ரியா கிராமத்துக் கதைகள்: சுற்றுலாப் பலகைகளுக்கு வெளியே என்ன இருக்கிறது?

ஏடுதேடி

வேலைக்காக இத்தாலியின் டிரியஸ்ட்டில் இருக்கிறேன். குரோவேஷியாவின் இஸ்ட்ரியா தீபகற்பம் இங்கிருந்து பக்கம்தான், அதனால் விடுமுறை கிடைத்தால் பஸ் ஏறிவிடுவேன். கடற்கரை ஊர்களில் கூட்டம் அதிகம், எனக்குப் பிடித்தது உள்பகுதிதான்: குன்றின் உச்சியில் கல்வீடுகள் நெருங்கி நிற்கும் ஊர், கீழே திராட்சை, ஆலிவ், அதைத் தாண்டினால் காடு.

நாட்டார் கதைகளில் எனக்கு ஆர்வம் உண்டு, ஒரு சிற்றிதழுக்கு இந்தப் பகுதியைப் பற்றி எழுதித் தருவதாகவும் சொல்லியிருக்கிறேன். ஆனால் எங்கே விசாரித்தாலும் கிரிங்கா ஊர் யூரே கிராண்டோவைத்தான் காட்டுகிறார்கள். ஐரோப்பாவின் முதல் ரத்தக்காட்டேரி என்று பலகை, படம், பானத்துக்குக்கூட அந்தப் பெயர். சரி, அது ஒரு பக்கம் இருக்கட்டும். போன மாதம் பாசின் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து வீட்டில் தங்கினேன். காலையில் அரைவேக்காட்டு முட்டையைக் கரண்டியால் தின்றுவிட்டு ஓட்டைத் தட்டிலேயே வைத்தேன். வீட்டுப் பாட்டி வந்து அதை எடுத்துக் கவிழ்த்து, கரண்டிக் காம்பால் அடியில் குத்தி, கைக்குள் வைத்து நொறுக்கிய பிறகுதான் குப்பையில் போட்டார். ஏன் என்று கேட்டேன். முழு ஓட்டை விட்டுவைத்தால் ஷ்ட்ரிகா என்கிற சூனியக்காரி அதில் ஏறிக் கடலைக் கடந்துவிடுவாள் என்று பேத்தி மொழிபெயர்த்துச் சொன்னாள். பாட்டி முகத்தில் விளையாட்டே இல்லை, அடுப்பை அணைத்துவிட்டு வந்ததைப் போல இயல்பாக இருந்தார்.

பலகையில் எழுதியிருப்பதற்கும் இந்தப் பாட்டி சொன்னதற்கும் நடுவில் பெரிய உலகமே இருக்கிறது என்று அப்போது தோன்றியது. இந்தப் பகுதியின் வாய்மொழிக் கதைகளில் உண்மையில் திரும்பத் திரும்ப வரும் கூறுகள் எவை? அவற்றில் எது ஸ்லாவிய மரபு, எது இத்தாலிய மரபு? இணையத்தில் பாதிப் பேர் இதெல்லாம் பெருன் என்கிற இடிக்கடவுளின் மிச்சம் என்கிறார்கள், அதை நம்பலாமா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.

நெடுவழி

நல்ல கேள்வி. முட்டை ஓட்டிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் அந்தப் பாட்டி சொன்னது பெரிய கதை ஒன்றின் ஓரம்தான். ஷ்ட்ரிகா என்பவள் எங்கோ காட்டுக்குள் தனியாக வாழும் சூனியக்காரி இல்லை. பக்கத்து வீட்டுக்காரி. பகலில் உங்களோடு சேர்ந்து மாதா கோயிலுக்கு வருவாள், ராத்திரியில் உடலைப் படுக்கையில் விட்டுவிட்டு வெளியே போவாள். ஆலங்கட்டி மழையைக் கொண்டுவருவது, பசுவின் பாலை வற்றவைப்பது, குழந்தையின் ரத்தத்தை உறிஞ்சுவது எல்லாம் அவள் கணக்கில்தான் சேரும். ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரமுள்ள ஊச்கா மலையில் இவர்கள் கூடுவார்கள் என்று தீபகற்பத்தின் பல மூலைகளிலும் சொல்கிறார்கள். ஆணாக இருந்தால் ஷ்ட்ரிகூன், கர்க் தீவுப் பக்கம் போனால் குட்லாக்.

இந்த மட்டும் ஐரோப்பாவில் எங்கு போனாலும் கிடைக்கும். இஸ்ட்ரியாவின் தனிச்சிறப்பு எதிர்ப்பக்கத்தில் நிற்கும் ஆள்தான், கிர்ஸ்னிக். உங்கள் கட்டுரையின் மையமே இவராகத்தான் இருக்க வேண்டும் என்பேன்.

பனிக்குடத்தின் சவ்வு உடம்பில் ஒட்டியபடியே சில குழந்தைகள் பிறக்கும். அப்படிப் பிறந்தவரே கிர்ஸ்னிக் ஆவார். பல இடங்களில் சவ்வின் நிறத்தை வைத்துச் சொல்வார்கள்: வெள்ளை என்றால் கிர்ஸ்னிக், சிவப்போ கறுப்போ என்றால் ஷ்ட்ரிகா வகை. அந்தச் சவ்வை உலர்த்திப் பத்திரப்படுத்துவது உண்டு, துணியில் தைத்து உடம்போடு வைத்துக்கொள்வதும் உண்டு. கெட்ட சவ்வு என்றால் மருத்துவச்சி வாசலுக்கோ ஜன்னலுக்கோ போய், இப்படி ஒரு குழந்தை பிறந்திருக்கிறது என்று ஊர் கேட்கச் சத்தமாக அறிவிக்க வேண்டும். நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் அந்தச் சக்தி போய்விடும், ரகசியம்தான் ஆபத்து. கிராமத்து வாழ்க்கையைத் தெரிந்தவர்களுக்கு இதன் ஆழம் புரியும்.

வளர்ந்த பிறகு இவர் எல்லோரையும்போல உழுது விதைத்துப் பிழைக்கும் விவசாயிதான். சில இரவுகளில் மட்டும் ஆழ்ந்து தூங்கும்போது அவருடைய உயிர் ஒரு ஈயின் வடிவில் வாய் வழியாக வெளியேறும். அந்த நேரத்தில் மனைவி உட்பட யாரும் அவரை எழுப்பக் கூடாது, புரட்டிப் போடவும் கூடாது, திரும்பி வரும் உயிருக்கு வழி தெரியாமல் போய்விடும். வெளியே போன உயிர் நாற்சந்தியில் ஷ்ட்ரிகூனைச் சந்திக்கும். காளையாக, நாயாக, பன்றியாக மாறி இரண்டும் முட்டிக்கொள்ளும். கறுப்பாக இருப்பது ஷ்ட்ரிகூன், வெள்ளையோ புள்ளிகளோ உள்ளது கிர்ஸ்னிக். யார் ஜெயிக்கிறார்களோ அதைப் பொறுத்து அந்த வருடத்து விளைச்சல். விடிந்ததும் அவர் அடிபட்ட களைப்போடு எழுந்து வேலைக்குப் போவார், யாருக்கும் சொல்ல மாட்டார்.

கர்க் தீவில் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கிர்ஸ்னிக், ஒரு குட்லாக் உண்டு என்பார்கள். காப்பவரும் கெடுப்பவரும் ஒரே குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். எனக்கு இந்தக் கதைகளில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இப்போது ஸ்லாவியமா, இத்தாலியமா என்ற கேள்விக்கு வருகிறேன். 1655இல் இறந்த டொம்மாசினி என்ற நோவிகிராட் ஆயர் இஸ்ட்ரியாவைப் பற்றி இத்தாலிய மொழியில் எழுதிவைத்த குறிப்புகளிலேயே இது வந்துவிடுகிறது: சவ்வோடு பிறந்தவர்கள், இரவில் ஆவியாகப் போகிறவர்கள், பேர்போன நாற்சந்திகளில் கூடி, விளைச்சல் பெருகுவதற்கும் குறைவதற்கும் சண்டை போடுகிறவர்கள். அதுவும் கத்தோலிக்கர்கள் வருடத்துக்கு நாலு முறை பருவம் மாறும்போது இருக்கும் நோன்பு வாரங்களில். இஸ்ட்ரியாவுக்கு வடமேற்கே, இத்தாலியில் இருக்கும் ஃபிரியூலியில் 1575 முதல் சமய விசாரணை மன்றத்தின் முன் நின்ற பெனன்டான்டிகள் என்ற கிராமத்து ஜனங்கள் சொன்னதும் ஏறக்குறைய இதேதான். சவ்வோடு பிறந்தோம், அதே நோன்பு நாட்களில் ஆவியாகப் போகிறோம், கையில் பெருஞ்சீரகத் தண்டு, எதிரிகள் கையில் சோளத்தட்டு, ஜெயித்தால் நல்ல விளைச்சல் என்றார்கள். விசாரித்த பாதிரிகளுக்கு இந்த இரண்டு கட்சி விஷயம் புரியவே இல்லை. விளைச்சலைக் காக்கப் போகிறோம் என்றவர்களையும் சூனியக்காரர் பட்டியலிலேயே தள்ளினார்கள், பல பத்தாண்டு விசாரணைக்குப் பிறகு அந்த ஜனங்களே தங்களை அப்படிச் சொல்லிக்கொள்ளத் தொடங்கினார்கள். இத்தாலிய வரலாற்றாசிரியர் கார்லோ கின்ஸ்பர்க் 1966இல் இதை வெளிக்கொண்டு வந்தார், தன் ஆய்வில் இஸ்ட்ரியாவின் கிர்ஸ்னிக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

ஆக, ஒரே நம்பிக்கை ஆட்ரியாட்டிக் கடலின் தலைமாட்டில் மொழி எல்லையைக் கண்டுகொள்ளாமல் பரவியிருக்கிறது. இஸ்ட்ரியாவில் குரோவேஷிய மொழியும் வெனிஸ் பேச்சும் நூற்றாண்டுக் கணக்கில் ஒரே சந்தையில் புழங்கியவை. கடற்கரை 1797 வரை வெனிஸ் கையில், பாசினைச் சுற்றிய உள்பகுதி ஹாப்ஸ்பர்க் கையில். கதையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று கிழித்துப் பங்கு போட முயன்றால் இரண்டு பக்கமும் பொருளிழந்து போகும். கடற்கரையா உள்பகுதியா, மலைச்சரிவா ஆற்றுப் பள்ளத்தாக்கா என்று பிரித்துப் பாருங்கள், நிறைய துலங்கும்.

கல்தச்சன்மகள்

நெடுவழி கிர்ஸ்னிக்கைப் பற்றி எழுதிவிட்டார், நான் கட்டடங்களுக்கு வருகிறேன். எனக்கு ஈடுபாடு உள்ள பகுதி அதுதான்.

பூலாவில் ரோமானியர்கள் கட்டிய வட்டரங்கம் இருக்கிறதல்லவா, கி.பி. முதல் நூற்றாண்டு வேலை. அதைக் கட்டியது ரோமானியர்கள் என்று கிராமத்துக் கதை சொல்லாது. வீலாக்கள் கட்டினார்கள் என்கும். வீலாக்கள் என்றால் நீள முடியும் வெள்ளை உடையுமாக வரும் காட்டு தேவதைப் பெண்கள். பல கதைகளில் அவர்களுக்குக் கால் மட்டும் ஆட்டுக்குளம்போ கழுதைக்குளம்போ, அதைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டே இருப்பார்கள். இரவெல்லாம் இஸ்ட்ரியா முழுவதிலிருந்தும் கல் சுமந்து வந்து அரங்கத்தை எழுப்பினார்களாம். வேலை முடியும் முன்னே சேவல் கூவிவிட்டது. கையிலிருந்த கல்லை இருந்த இடத்திலேயே போட்டுவிட்டு மறைந்துவிட்டார்கள். அதனால்தான் அரங்கத்துக்குக் கூரை இல்லை, வயல்வெளிகளில் அங்கங்கே தனியாகப் பெரிய கல் கிடப்பதற்கும் அதுவே காரணம்.

இதில் கவனிக்க வேண்டியது, கதை ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களுக்கு விளக்கம் தருகிறது. நகரத்தில் இருக்கும் பிரம்மாண்டத்துக்கும், தன் வயலில் கலப்பை முட்டும் பாறைக்கும். பூலாவுக்குப் போயே இராத ஒரு விவசாயிக்கும் அந்த அரங்கத்தில் பங்கு கிடைத்துவிடுகிறது, அங்கே போயிருக்க வேண்டிய கல் ஒன்று அவர் நிலத்தில் கிடக்கிறதே.

அடுத்து ராட்சதர்கள். மிர்னா ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு மேலே குன்றில் நிற்கும் மோட்டோவுன் போன்ற ஊர்களைக் கட்டியவர்கள் ராட்சதர்களே. ஒரு குன்றில் நிற்பவன் அடுத்த குன்றில் நிற்பவனுக்குச் சுத்தியலைக் கையால் எட்டிக் கொடுப்பானாம். அந்தப் பள்ளத்தாக்கில் நின்று இரண்டு பக்கமும் அண்ணாந்து பார்த்தால் இந்தக் கதை ஏன் பிறந்தது என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

ராட்சதர் கதைகளில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது டிராகோன்யா கதை. டிராகோன்யா என்ற ராட்சதன் தண்ணீர் இல்லாத நாட்டுக்கு ஆறு வெட்டித் தருவதாக உழ ஆரம்பித்தான். முதல் சாலில் ஓடிய ஆற்றுக்குத் தன் பெயர், இரண்டாவது சாலுக்கு மனைவி மிர்னாவின் பெயர். மூன்றாவது சாலை உழுதுகொண்டு பாசின் அருகே வரும்போது, அங்கே கோட்டைத் தலைவனின் மனைவி மேலிருந்து பார்த்து, உழவு சரியில்லை என்று கேலி செய்தாள். கோபத்தில் அவன் ஏரை அப்படியே விட்டுவிட்டான். சாலில் வந்த தண்ணீர் போக வழியில்லாமல் பள்ளத்தில் நிறைந்து ஊரை மூழ்கடிக்கப் பார்த்தது. ஜனங்கள் கெஞ்சினார்கள், அவன் மனமிறங்கிக் காலால் ஓங்கி மிதித்தான், பூமி பிளந்து தண்ணீரை விழுங்கிக்கொண்டது.

அந்தப் பிளவு இன்றும் இருக்கிறது. பாசின் கோட்டை அதன் விளிம்பிலேயே நிற்கிறது, ஜன்னலிலிருந்து கீழே பார்த்தால் நூறு மீட்டருக்கு மேல் ஆழம். பாசின்சிட்சா ஓடை அங்கே வந்து பூமிக்குள் போய்விடுகிறது. சுண்ணாம்புப் பாறை நிலம் என்பதால் இப்படி நடக்கிறது. தண்ணீர் தரைக்கடியிலேயே போய்த் தெற்கே ராஷா ஆற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம் ஊற்றாக எழுகிறது. பிரெஞ்சுக் குகை ஆய்வாளர் மார்ட்டெல் 1893இல் உள்ளே இறங்கி நிலத்தடி ஏரி வரை போனார். பெருமழை பெய்தால் குகை வாய் அவ்வளவு தண்ணீரையும் உள்வாங்க முடியாமல் பள்ளத்தில் வெள்ளம் ஏறும். இப்போது கதையை மறுபடி படித்துப் பாருங்கள். முடிக்காமல் விட்ட மூன்றாவது சால், கடல் வரை தரைமேல் போய்ச் சேராத ஓடை. ஊரை மிரட்டும் வெள்ளமும் கதையில் இருக்கிறது. அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக மழைக்காலத்தைப் பார்த்தவர்கள்தான் இப்படி ஒரு கதையைச் செய்திருக்க முடியும்.

ஒரு எச்சரிக்கை. மோட்டோவுன் என்றாலே வேலி யோஷே என்ற நல்ல ராட்சதனைச் சொல்வார்கள், பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பார்கள். அந்தப் பாத்திரத்தை இன்றைய வடிவில் தந்தது எழுத்தாளர் விளாடிமிர் நாஸோர், 1908இல். ஊரில் ஏற்கெனவே உலவிய ராட்சதர் கதைகளின் மேல்தான் அவர் கட்டினார், ஆனால் வெனிஸின் ஆதிக்கத்தில் அடிமைப்பட்டுக் கிடக்கும் குடியானவனின் உருவமாக அவனை ஆக்கியது அவருடைய அரசியல். வாய்மொழி மரபு என்று எழுதும்போது அவனைத் தனியாக வையுங்கள்.

ஏடுதேடி

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, பாசின் கோட்டை ஜன்னலில் நான் நின்றிருக்கிறேன், இந்தக் கதை தெரியாமல் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த முறை மழைக்குப் பிறகு போகப் பார்க்கிறேன்.

யூரே கிராண்டோ விஷயம் மட்டும் இன்னும் உறுத்துகிறது. அது முழுக்கச் சுற்றுலாவுக்காக ஊதியதா, இல்லை உள்ளே ஏதாவது சரக்கு இருக்கிறதா?

பழம்பெட்டி

சரக்கு நிறையவே இருக்கிறது, பலகையில் எழுதியிருப்பதால் அதை ஒதுக்கிவிடாதீர்கள். 1689இல் வால்வசோர் என்ற கிரைன் நாட்டுப் பிரபு (இன்றைய ஸ்லோவேனியா) ஜெர்மன் மொழியில் பெரிய புத்தகம் ஒன்று வெளியிட்டார், அதில் இந்தச் சம்பவம் வருகிறது. சம்பவம் நடந்ததாகச் சொல்வது 1672, அதாவது புத்தகத்துக்கு 17 வருடம் முன்புதான். கேட்டு எழுதியவருக்கும் சொன்னவர்களுக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைவு. 17ஆம் நூற்றாண்டு கிராமத்துப் பேச்சு இவ்வளவு பச்சையாக ஏட்டில் ஏறுவது அபூர்வம்.

கதை இது. கிராண்டோ 1656இல் இறந்தார், புதைத்தார்கள். அன்றிலிருந்து 16 வருடம் இரவில் ஊருக்குள் நடமாடினார். எந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறாரோ அந்த வீட்டில் சீக்கிரமே ஒரு சாவு. விதவையாகிவிட்ட மனைவியிடமும் வந்து போனாராம். கடைசியில் ஊர்த்தலைவர் மிஹோ ராடெட்டிச் ஆட்களைக் கூட்டினார், ஒன்பது பேர், கையில் விளக்கும் சிலுவையும். கல்லறையைத் திறந்தால் உடல் அழுகவே இல்லை, முகம் சிவந்து, அவர்களைப் பார்த்துச் சிரித்தது. தைரியமாக வந்தவர்கள் ஓட்டம் பிடித்தார்கள், தலைவர் திட்டித் திரும்பக் கூட்டி வந்தார். முள்மரத்துக் கட்டையைக் கூராகச் சீவி வயிற்றில் குத்தினால் அது எகிறி வெளியே வந்தது. பாதிரியார் சிலுவையை முகத்துக்கு நேரே காட்டிப் பேசியபோது பிணத்தின் கண்ணில் நீர் வழிந்தது. தலையை வெட்டியபோது அலறல், கல்லறையே ரத்தமாக நிறைந்தது. அதற்குப் பிறகு ஊர் அமைதியானது.

இப்போது நெடுவழி எழுதியதோடு சேர்த்துப் பாருங்கள். வால்வசோர் இந்த ஆளைக் குறிக்க எழுதியது ஊர்ச்சொல்லான அதே ஷ்ட்ரிகூன்தான். அதாவது உயிரோடு இருக்கும்போது ராத்திரியில் ஆவியாகப் போகிறவனும், செத்த பிறகு எழுந்து வருகிறவனும் ஒரே ஜாதி, ஒருவன் வாழ்வின் இரண்டு பாதிகள். ரத்தக்காட்டேரி என்று சினிமா உடை போட்டுவிட்டால் அந்த முதல் பாதி காணாமல் போய்விடுகிறது. எனக்குச் சுற்றுலாப் பலகையின் மேல் இருக்கும் வருத்தம் இதுதான், பொய் சொல்கிறார்கள் என்பதல்ல.

இன்னொன்றும் என் கணிப்பாகச் சொல்கிறேன். கிரிங்கா கதையில் கிர்ஸ்னிக் இல்லை. அவர் நிற்க வேண்டிய இடத்தில் பாதிரியார் நிற்கிறார், கையில் சிலுவை, பக்கத்தில் ஊர்த்தலைவரின் அதிகாரம். இஸ்ட்ரியாவில் சாதாரணமாக இந்தச் சண்டை யாரும் பார்க்காத இரவில், இரண்டு ஆவிகளுக்கு நடுவில் முடிந்துவிடும். இங்கே அது விளக்கு வெளிச்சத்தில், ஒன்பது சாட்சிகளோடு, ஊர் நடவடிக்கையாக மாறியிருக்கிறது. வால்வசோர் போன்ற படித்த பிரபுவின் காதுக்கு எட்டியதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். ஈயாக மாறிப் பறந்த விவசாயியின் சண்டைக்கு ஏது சாட்சி?

ரியெகாவாசி

நான் கல்யாணம் செய்துகொண்டு வந்து இந்தப் பக்கமே தங்கிவிட்டவள். வீட்டுக்காரரின் பாட்டி ஊச்கா மலையடிவாரக் கிராமத்துக்காரர். புத்தகத்தில் படித்ததில்லை, காதால் கேட்டது மட்டும் எழுதுகிறேன்.

அவர் வாயில் அதிகம் வருவது மோரா. தூங்கும்போது நெஞ்சின் மேல் ஏறி அமுக்குபவள், நாம் அமுக்குவான் பேய் என்போமே அதே அனுபவம், ஆனால் இங்கே அது பேய் இல்லை, உயிரோடு இருக்கும் கல்யாணமாகாத பெண். அவளுக்கே பல நேரம் தெரியாது என்பார் பாட்டி. கல்யாணம் ஆனதும் அவள் ஷ்ட்ரிகா ஆகிவிடுவாள். சாவித் துவாரம் வழியாக உள்ளே வருவதால் ராத்திரி அதில் துணி அடைப்பது வழக்கம். அமுக்கும்போது எப்படியாவது வாயைத் திறந்து, காலையில் வா, உப்பு தருகிறேன் என்று சொல்லிவிட வேண்டும். விடிந்ததும் உப்புக் கேட்டு வாசலில் யார் வந்து நிற்கிறாளோ அவள்தான். அதைச் சொல்லும்போது பாட்டி குரலைத் தாழ்த்தி, யாருடைய வீட்டில், எந்த வருடம் மழையில், வந்து நின்றது யார் மகள் என்பதுவரை சொல்லுவார். அந்தப் பெயர்களை நான் எழுத மாட்டேன், பேரப்பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள்.

ஒன்று மனசில் தைத்தது. சந்தேகப்பட்ட பெண் உப்புக் கேட்டு வந்தபோது என்ன செய்தீர்கள் என்றேன். கொடுத்தோம், வேறு என்ன செய்வது, அடுத்த வாரம் அவர்கள் வீட்டில்தானே எங்களுக்கு அறுவடை வேலை என்றார்.

ஆண்கள் சொல்லும் கதை வேறு, அவர்களுக்கு ஓர்கோ. ராத்திரி குடித்துவிட்டோ காதலியைப் பார்த்துவிட்டோ வருகிறவன் வழியில் ஒரு கழுதைக்குட்டி நிற்கும். அது கால்களுக்கு நடுவில் நுழைந்து உயர உயர வளரும், மணிக்கூண்டு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு எங்கோ கொண்டுபோய் இறக்கிவிடும். விடிந்த பிறகுதான் அவன் எந்த ஊரில் இருக்கிறான் என்றே தெரியும். வீட்டுக்கு ஏன் தாமதமாக வந்தாய் என்பதற்குப் பல தலைமுறைகளுக்கு இது பதிலாக இருந்திருக்கும், ஆனால் பாட்டியின் அண்ணன் அதைச் சொல்லும்போது கை நடுங்கும் என்று வீட்டுக்காரர் சொல்கிறார், அந்தப் பயம் நிஜம்.

கடற்கரைப் பக்கமும் தீவுகளிலும் சிவப்புத் தொப்பி போட்ட குட்டிப் பையன் ஒருவன் வருவான், மாலிக் என்றும் மாசிச் என்றும் சொல்வார்கள். குறும்பு செய்வான், பிடித்துப்போனவர்களுக்குக் காசும் தருவான். எங்கள் பாட்டி அவனைப் பற்றிப் பேசியதில்லை, மலைப்பக்கத்துக்காரர் என்பதாலோ என்னவோ.

நெடுவழி

ரியெகாவாசி எழுதிய உப்பு விஷயத்தைப் படித்தபோது சிலிர்த்தது. பெயர், வீடு, வருடத்து மழை. ஏடுதேடி, உங்கள் கட்டுரைக்கு இதைவிட முக்கியமான குறிப்பு கிடைக்காது. இவை ஒரு ஊரிலே ஒரு ராஜா வகைக் கதைகளே அல்ல. நடந்தது என்று சொல்லப்படுபவை. சொல்கிறவர் முதலில் இடத்தைச் சொல்வார், அந்த வளைவில் இருக்கும் நாற்சந்தி என்பார், பிறகு யாரிடமிருந்து கேட்டார் என்பார், சில சமயம் எனக்கே நம்பிக்கை இல்லை ஆனால் என் அப்பா பொய் சொல்பவர் இல்லை என்பார். இந்த உறுதிமொழிகளைப் பற்றியே எவெலினா ருதான் என்ற ஆய்வாளர் விரிவாக எழுதியிருக்கிறார், பூலாவில் பிறந்தவர், கவிஞரும்கூட. வடகிழக்கு இஸ்ட்ரியா கிராமங்களில் நேரடியாகப் போய்க் கேட்டவர். சொல்லும் விதத்தை விட்டுவிட்டு ஷ்ட்ரிகா, மோரா, ஓர்கோ என்று பட்டியல் போட்டால் கையில் மிஞ்சுவது வெறும் பெயர்கள்.

அவருக்கு முன்னால் மாயா போஷ்கோவிச்-ஸ்டூலி. 1922இல் பிறந்தவர், பெற்றோரையும் அக்காவையும் போர்க்காலக் குரோவேஷிய பாசிஸ்டுகளான உஸ்தாஷாக்களின் முகாம்களில் பறிகொடுத்தவர், போருக்குப் பிறகு ஸாக்ரெப்பில் 1948இல் தொடங்கிய நாட்டார் கலை ஆய்வு நிறுவனத்தில் நீண்ட காலம் வேலை பார்த்தார், 2012இல் மறைந்தார். 1950களில் இஸ்ட்ரியாவில் கதை சேகரித்து 1959இல் தொகுப்பாக வெளியிட்டார். அடுத்த வருடமே கிர்ஸ்னிக்கைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதிய கட்டுரைதான் இந்த விஷயத்தை வெளியுலக ஆய்வாளர்களிடம் கொண்டுபோனது. அந்தப் பத்தாண்டு எப்படிப்பட்டது என்று யோசியுங்கள். போர் முடிந்து இஸ்ட்ரியா யூகோஸ்லாவியாவுக்குப் போய், இத்தாலிய மொழிக்காரர்கள் பெரும் எண்ணிக்கையில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்த காலம். ஊர்கள் பாதி காலி. அந்த நேரத்தில் ஒருவர் கிழவிகளிடம் உட்கார்ந்து நாற்சந்திச் சண்டைகளை எழுதிக்கொண்டிருந்தார் என்பதற்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

கல்தச்சன்மகள்

பெருன் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. ஊச்காவின் கடல் பார்த்த சரிவில், மோஷ்செனிச்கா டிராகாவுக்கு மேலே பெருன் என்று ஒரு சிகரம் உண்மையிலேயே இருக்கிறது, அதற்குக் கீழே டிரெபிஷ்சா என்று ஒரு குடியிருப்பு, அந்தப் பெயரைப் பலியோடு சம்பந்தப்படுத்துகிறார்கள். ரடோஸ்லாவ் கட்டிசிச், விட்டோமிர் பெலாய் போன்ற பெரிய அறிஞர்கள் இப்படிப்பட்ட இடப்பெயர்களையும் பழைய சடங்குப் பாடல்களையும் கோத்து, இடிக்கடவுளும் பாம்பு வடிவ எதிரியும் மோதும் தொன்மம் ஒன்றை மீட்டுருவாக்கினார்கள். மதிக்கத்தக்க உழைப்பு அது. ஆனால் மலையின் பெயரில் ஒரு கடவுள் இருப்பது வேறு, கிழவி சொல்லும் கதையில் அவர் நடமாடுவது வேறு. இந்த ஊர்களில் சொல்லப்படும் கதைகளின் நாயகன் பெருன் இல்லை, சவ்வோடு பிறந்த பக்கத்து வீட்டுக்காரர்தான். மேலே ஏறிப்போய்க் கடவுளைத் தேடுகிற அவசரத்தில் அவரைத் தாண்டிப் போய்விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பழம்பெட்டி

அதில் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு உண்டு. விளைச்சலுக்காக நடக்கும் சண்டை, கறுப்பு விலங்குக்கு எதிராகப் புள்ளி விலங்கு, இதற்கெல்லாம் பழைய வேர் இருக்கலாம், அதை யோசிப்பது தப்பில்லை. ஆனால் அது யோசனை என்று சொல்லிவிட்டு எழுத வேண்டும், கல்தச்சன்மகள் சொல்வதை அந்த மட்டில் ஏற்கிறேன்.

ஏடுதேடி, போவதாக இருந்தால் பாசின் கோட்டைக்குள்ளேயே இஸ்ட்ரியாவின் இனவரைவியல் அருங்காட்சியகம் இருக்கிறது, 1962இல் தொடங்கியது. கலப்பை, தறி, நுகத்தடி, உடைகள் என்று கதையில் வரும் பொருட்களை நேரில் பார்த்துவிடலாம். பீச்சன் ஊரில் கோடையில் கதைத் திருவிழா நடத்துகிறார்கள், மேடை நிகழ்ச்சிதான், ஆனால் பார்க்க வருகிற உள்ளூர்ப் பெரியவர்களோடு பேச நல்ல இடம்.

ரியெகாவாசி

பேசும்போது கதை சொல்லுங்கள் என்று கேட்காதீர்கள், இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள், எனக்குக் கதை தெரியாது என்று கையை விரித்துவிடுவார்கள். ஷ்ட்ரிகா என்று எடுத்த எடுப்பில் ஆரம்பித்தாலும் ஊரைக் கேலி செய்ய வந்தவர் என்று நினைத்து வாயை மூடிக்கொள்வார்கள். ஆலங்கட்டி மழை எந்த வருடம் பெரிதாகப் பெய்தது, அப்போது கோயில் மணி அடித்தார்களா, யார் அடித்தது என்று கேளுங்கள். மீதி தானாக வரும். உங்களுக்கு முட்டை ஓட்டை நொறுக்கிக் காட்டிய பாட்டி ஏற்கெனவே பாதி சொல்லிவிட்டார், அவரிடமே திரும்பிப் போங்கள், பேத்தி வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்து.

ஏடுதேடி

அடுத்த மாதம் அறை கேட்டு இப்போதே அவர்களுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். கட்டுரையை யூரே கிராண்டோவில் ஆரம்பிக்கப் போவதில்லை. டிராகோன்யாவின் மூன்றாவது சாலில் ஆரம்பித்து, கிர்ஸ்னிக்குக்கு வந்து, கிரிங்காவைப் பழம்பெட்டி சொன்ன கோணத்தில் நடுவில் வைக்கலாம் என்று இருக்கிறேன். கர்க் தீவில் குலத்துக்கு ஒரு கிர்ஸ்னிக், ஒரு குட்லாக் என்றார்களே, அதைப் பற்றி இன்னும் தெரிந்தவர்கள் இருந்தால் தொடர்ந்து எழுதுங்கள்.